யன்னலோரத்து மரமும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையும்

1907ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தை விட்டு ஒரு கறுப்பினக் குடும்பம் வடக்கு நோக்கிப் புறப்பட்டது. தந்தை, தாய், நான்கு பெண்பிள்ளைகள். தலைநகராகிய வாஷிங்டனை அண்மித்து, பொட்டோமக் ஆற்றங்கரையை எட்டிய வேளையில், தாயார் பிள்ளைகளைப் பார்த்து, சப்பாத்துக்களைக் கழற்றி அவற்றுள் இருக்கும் ஜோர்ஜியா மணலைத் தட்டிவிடுமாறு கூறினாராம். மூத்த மகள் அல்மா இதனைத் தமது முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

ஊரை விட்டுப் புறப்படுகையில் ஒரு பிடி மண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த தாய்மார் எம்மவருள் உளர். அவர்களுக்கு இத்தாயின் சொல் விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் தன் பிள்ளைகளை மனிதராக மதியாத ஒரு நிலத்தின் மணலை எதற்காகச் சுமந்துவர வேண்டும் என்று அவர் எண்ணியிருப்பின், அதனையும் எம்மால் விளங்கிக்கொள்ள முடியும். மண்ணைச் சுமந்து வந்தவரும் மண்ணை உதறிவிட்டு வந்தவரும் ஒரே வலியின் இரு பக்கங்களைச் சுமந்தவரே.

மணலைத் தட்டிவிட்ட அச்சிறுமி பின்னர் ஓர் ஆசிரியையானார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே பாடசாலையிற் சித்திரம் கற்பித்தார். அறுபத்தெட்டாவது வயதில் ஓய்வு பெற்றார். அதன் பின்னரே அமெரிக்கா அறிந்த ஓவியரானார். அவருக்கு அப்புகழைத் தேடிக் கொடுத்தவை மலர்களும் இலைகளும் ஒளியும் காற்றுமே. அவரது பெயர் அல்மா தோமஸ். ஓய்வு என்பதை வாழ்வின் முடிவுரையாகக் கருதிக்கொண்டு, அந்நிய நாட்டின் மாடிக் குடியிருப்புக்களில் யன்னலோரம் அமர்ந்திருக்கும் எமது பெரியோர்களுக்கும், அவர்களுடன் வாழும் பிள்ளைகளுக்கும் இவரது கதை தெரிந்திருத்தல் நன்று.

நூலக வாசலும் துடைப்பமும்

அல்மா 1891 செப்டெம்பர் 22ஆம் நாள் ஜோர்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் வணிகர். தாயார் ஆடைகளை வடிவமைத்துத் தைப்பதில் வல்லவர். வறுமை வாட்டிய குடும்பமன்று. மேட்டு நிலத்தில் பெரிய வீடு, வீட்டைச் சூழப் பூந்தோட்டம், வீட்டின் பின்னால் ஓடிய நீரோடையிற் கிடைத்த களிமண் என்று சிறுமியின் உலகம் நிறங்களாலும் உருவங்களாலும் நிறைந்திருந்தது. அக்களிமண்ணைப் பிசைந்து அவர் சிறு பாத்திரங்களும் பொம்மைகளும் செய்தார். கோடை விடுமுறைகளில் அயல் மாநிலமான அலபாமாவில் இருந்த பாட்டனாரின் பண்ணைக்குச் செல்வது வழக்கம். பருத்திப் பூக்களும் அந்திவானமும் அங்கே அவர் கண்டவை.

ஆயினும் செல்வம் இருந்தும் உரிமை இருக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகள் உயர்வகுப்புக்களிற் கற்பதற்கு அந்நகரில் வழியில்லை. ஊர் நூலகத்தினுள் ஒரு கறுப்பினத்தவர் நுழைவதாயின் துடைப்பத்துடனும் வாளியுடனும் துப்புரவுப் பணிக்காகவே நுழையலாம் என்ற நிலையைப் பிற்காலத்தில் அவர் கசப்புடன் எடுத்துரைத்தார். இவற்றுக்கும் மேலாக உயிரச்சம் இருந்தது. 1906 செப்டெம்பரில் அதே மாநிலத்தின் அட்லாண்டா நகரில் வெள்ளையினக் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தாக்கிக் கொன்ற வன்செயல் நிகழ்ந்தது. மறு ஆண்டு தோமஸ் குடும்பம் ஊரை நீங்கியது. வாஷிங்டனில் 15ஆம் வீதியில் ஒரு செங்கல் வீட்டில் அவர்கள் குடியேறினார்கள். அல்மா தமது வாழ்வின் இறுதிவரை அவ்வீட்டிலேயே வாழ்ந்தார்.

தலைநகரம் சொர்க்கபுரியன்று. அங்கும் பாடசாலைகள் இனத்தின்படி பிரிக்கப்பட்டேயிருந்தன. ஆனால் கறுப்பினப் பிள்ளைகளுக்கென நல்ல உயர்பாடசாலைகள் அங்கே இருந்தன. ஆம்ஸ்ட்ரோங் உயர்பாடசாலையிற் சேர்ந்த அல்மாவுக்குக் கணிதத்திலும் கட்டட வரைபிலும் பெருவிருப்பு உண்டாயிற்று. கட்டடக் கலைஞராக வேண்டுமென்று கனவு கண்டார். அக்காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அது எட்டாக் கனி. எனவே தனக்குத் திறந்திருந்த வாயிலினூடு நுழைந்தார். அந்த வாயில் ஆசிரியத் தொழில்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள்

ஆசிரியப் பயிற்சி பெற்று, டெலவெயர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரிற் சில காலம் சிறுவருக்குக் கற்பித்த பின், 1921இல் வாஷிங்டனிலுள்ள ஹவார்ட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். புகழ்பெற்ற ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துடன் இதனை மயங்கக் கூடாது. இது கறுப்பினத்தவரின் உயர்கல்விக்கென 1867இல் நிறுவப்பட்ட நிறுவனம். ஆடை வடிவமைப்புப் பயிலச் சென்ற அவரை, அங்கே அப்போதுதான் நுண்கலைத் துறையைத் தொடங்கியிருந்த பேராசிரியர் ஜேம்ஸ் ஹெரிங் தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். 1924இல் அத்துறையின் முதலாவது பட்டதாரியாக அல்மா வெளியேறினார்.

பட்டம் பெற்றதும் வாஷிங்டனின் ஷோ கனிஷ்ட உயர்பாடசாலையிற் சித்திர ஆசிரியையாக அமர்ந்தார். 1960இல் ஓய்வு பெறும் வரை அப்பாடசாலையை விட்டு அவர் அகலவில்லை. இடையே கோடை விடுமுறைகளில் நியூயோர்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியக் கல்லூரியிற் பயின்று 1934இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அவரது ஆய்வுப் பொருள் நூற்பாவைக் கூத்து.

ஏன் நூற்பாவை? வாஷிங்டனின் பெரிய அரங்குகள் கறுப்பினத்தவரை உள்ளே விடாத காலம் அது. அரங்குக்குப் பிள்ளைகள் செல்ல முடியாதெனின், அரங்கைப் பிள்ளைகளிடம் கொண்டுவரலாமென்று அவர் எண்ணினார். மரத்திலும் துணியிலும் பாவைகளைச் செய்வித்து, அவற்றுக்கு உடை தைப்பித்து, மாணவர்களைக் கொண்டே கூத்துக்களை நிகழ்த்தினார். பாடசாலையினுள்ளே ஓவியக் காட்சிகள் அமைத்தார். நத்தார்க் காலத்தில் மாணவர்கள் வரைந்த வாழ்த்து மடல்கள் மருத்துவமனையில் இருந்த முன்னாட் படைவீரர்களுக்கு அனுப்பப்பட்டன. ஓவியம் செல்வந்தர் வீட்டுச் சுவருக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர் வகுப்பறையில் விரிவுரையாகக் கூறவில்லை, செய்து காட்டினார்.

இம்முப்பத்தைந்து ஆண்டுகளையும் "வீணாய்ப் போன காலம்" என்று எவரேனும் கருதினால் அது தவறு. ஒரு நிறத்தின் அருகே இன்னொரு நிறத்தை வைத்தால் இரண்டும் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளுக்கு விளக்கியவர் அவர். ஆசிரியர் தாமும் கற்காமற் பிறருக்குக் கற்பிக்க முடியாது என்பது எம்மில் ஆசிரியராயிருந்த எவருக்கும் தெரியும்.

அறுபதை நெருங்குகையில் மீண்டும் மாணவி

அல்மா ஓய்வு பெற்ற மறுநாள் திடீரென ஓவியரானார் என்று எண்ணிவிடக் கூடாது. கற்பித்த காலம் முழுவதிலும் வாரயிறுதிகளில் அவர் வரைந்துகொண்டே இருந்தார். மேசைமேற் பழங்கள், பூச்சாடி, தெருக்காட்சி என்று அவை வழமையான ஓவியங்கள். 1943இல் பேராசிரியர் ஹெரிங்கும் அலொன்சோ ஏடனும் வாஷிங்டனில் ஒரு தனியார் ஓவியக்கூடத்தைத் தொடங்கியபோது அம்முயற்சியில் துணைநின்றார். கறுப்பின, வெள்ளையினக் கலைஞர்களின் படைப்புக்கள் ஒரே சுவரில் தொங்கிய இடம் அது. பிளவுண்டிருந்த அந்நகரில் அதுவே ஒரு துணிச்சல்.

பின்னர் 1950இல், அறுபதை நெருங்கும் வயதில், அவர் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் ஓவிய வகுப்புக்களிற் சேர்ந்தார். பகலில் ஆசிரியை, மாலையில் மாணவி. தம் பேரப்பிள்ளைகள் வயதையொத்த இளைஞர்களுடன் அமர்ந்து புதிதாகக் கற்றார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. உருவங்களை அவ்வாறே வரைவதை விட்டு, வர்ணங்களையும் அவற்றின் ஒழுங்கையும் கொண்டே ஓர் உணர்வை உண்டாக்கும் நவீன முறைக்கு அவரது கை மெல்ல மெல்லத் திரும்பியது இக்காலத்திலேயே.

முதுமையில் ஒன்றைப் புதிதாகத் தொடங்க வெட்கப்படுவோர் இவ்விடத்திற் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். பேரப்பிள்ளை வயதினருடன் மொழி வகுப்பில் அமர்ந்து எழுத்துக்கூட்டிய அனுபவம் எம்மிற் பலருக்கு உண்டு. அதில் வெட்கத்தை விடப் பெரியது வேறொன்று இருந்ததை நாம் அறிவோம்.

ஹொலி மரம் காட்டிய வழி

1960இல் பாடசாலையிலிருந்து விடைபெற்ற அல்மா முழுநேர ஓவியரானார். ஆயினும் உடல் ஒத்துழைக்கவில்லை. 1964இல் மூட்டுவாதம் கடுமையாகத் தாக்கியது. விரல்கள் வலித்தன. வரைவதைக் கைவிடலாமோ என்று எண்ணும் அளவுக்கு நோய் வருத்தியது.

அவ்வேளையில் ஹவார்ட் பல்கலைக்கழகம் அவருடைய படைப்புக்களுக்கென 1966இல் ஒரு காட்சியை நடத்த முன்வந்தது. அவருக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. பழைய ஓவியங்களை வரிசைப்படுத்தி வைத்தாலே போதும். எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் தாம் இதுவரை செய்யாத ஒன்றை அக்காட்சியில் வைக்க வேண்டுமென அவர் விரும்பினார். எதை வரைவது?

விடை வீட்டு யன்னலில் இருந்தது. வீதியை நோக்கிய அந்தப் பெரிய யன்னலின் வெளியே ஒரு ஹொலி மரம் நின்றது. நத்தார் வாழ்த்து மடல்களில் நாம் காணும், முள்விளிம்பு இலைகளும் சிவந்த சிறு கனிகளும் கொண்ட மரம். ஆண்டுக்கணக்காக அங்கேயே நின்ற மரம். காற்று வீசும்போது அதன் இலைகளின் இடையே ஒளி உடைந்து சிதறுவதையும், யன்னற் கண்ணாடியினூடு புகுந்து சுவரிலும் தரையிலும் நிழலும் வெளிச்சமுமாக அசைவதையும் அல்மா அன்று புதிய கண்ணுடன் நோக்கினார். மரத்தை வரைய வேண்டியதில்லை. இலைகளுக்கிடையே அசையும் அந்த ஒளித்துண்டுகளை வரைந்தாற் போதும் என்று தோன்றியது.

அதுமுதல் அவரது ஓவியங்களின் முகம் மாறியது. பளிச்சிடும் சிறு சிறு வர்ணத் துண்டுகள், செங்கற்களை அடுக்கியது போல நிரை நிரையாக, சில ஓவியங்களில் மேலிருந்து கீழாகவும், சிலவற்றில் வட்டத்தினுள் வட்டமாகவும் அமைந்தன. துண்டுகளுக்கிடையே தெரியும் வெண்மை, இலையிடுக்கில் தெரியும் வானம் போல் மினுங்கும். வட்டங்களாய் அமைந்தவற்றை உற்று நோக்கினால், உயரத்திலிருந்து பார்க்கும் பூம்பாத்தி போலத் தோன்றும். 1966இல் வரைந்த "உயிர்த்தெழுதல்" என்ற ஓவியம் இத்தகைய வட்டமே. நடுவிலிருந்து விளிம்பு வரை நிறங்கள் அலையலையாய் விரிகின்றன.

சமையலறையே ஓவியக்கூடம்

வீட்டில் அவருக்கெனப் பெரிய ஓவியக்கூடம் எதுவும் இருக்கவில்லை. சமையலறையும் வரவேற்பறையுமே அவர் வேலைசெய்த இடங்கள். ஓவியத்துணியைப் பாதி மடியிலும் பாதி சோபாவிலுமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு வரைந்தார். முதலிற் சிறு தாள்களில் நீர்வர்ணத்தால் வரைந்து நிறங்களின் பொருத்தத்தைச் சோதிப்பார். பின்னர் துணியிற் பென்சிலால் மெல்லிய கோடுகள் இடுவார். அதன் பின்னரே அக்றிலிக் வர்ணத்தைத் தூரிகையாற் தொட்டுத் தொட்டு வைப்பார். அருகிலிருந்து பார்த்தால் அப்பென்சிற் கோடுகள் இன்றும் தெரிகின்றன. கட்டடக் கலைஞராகும் கனவுடன் கோடு வரைந்த மாணவியின் கை அங்கே மறைந்திருக்கிறது.

வசந்தகாலப் பூக்களே அவர் பெரிதும் விரும்பியவை. 1969இல் வரைந்த ஓர் ஓவியத்துக்கு "ஐரிஸ், ரியூலிப், ஜொங்குவில், குரோக்கஸ்" என்று பூக்களின் பெயர்களையே சூட்டினார். எந்தப் பூவின் இதழையும் அதிற் காண முடியாது. நிறங்கள் மட்டுமே நெடும் பட்டிகளாய் நிற்கின்றன. ஆயினும் பனி உருகியபின் முதன்முறையாகப் பூம்பாத்தியைக் காணும் மகிழ்ச்சி அதில் உண்டு. நீண்ட குளிர்காலத்தைக் கடந்து வாழும் எம் போன்றோருக்கு அம்மகிழ்ச்சி என்னவென்று விளக்கவேண்டியதில்லை. செரி மரங்கள் பூத்தபோதும், இலையுதிர்காலத்தில் இலைகள் காற்றிற் படபடத்தபோதும் அவர் வரைந்தார். 1970 மார்ச் 7ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின் ஆண்டில் "கிரகணம்" என்ற ஓவியம் பிறந்தது.

குதிரை வண்டிக் காலத்திற் பிறந்த அம்மூதாட்டி, மனிதன் சந்திரனில் இறங்கியதைத் தொலைக்காட்சியிற் கண்டு வியந்தார். 1969இன் அப்பலோ விண்பயணங்களை ஒட்டி ஒரு வரிசை ஓவியங்களை வரைந்தார். பூம்பாத்தியை மேலிருந்து கற்பனை செய்தவருக்கு, பூமியையே மேலிருந்து காட்டிய அப்படங்கள் புதிய வாயிலைத் திறந்திருக்கும்.

பூக்களை வரைவது தகுமா?

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அக்கேள்வி அவரிடமும் எழுப்பப்பட்டது. எம்மிடமும் அது உண்டு.

அல்மா பூக்களை வரைந்த காலம் அமைதியான காலமன்று. 1963 ஓகஸ்ட் 28ஆம் நாள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் உரிமை கோரி வாஷிங்டனில் அணிதிரண்டனர். அல்மாவும் அப்பேரணியிற் கலந்துகொண்டார். மறு ஆண்டு, பதாகைகளை ஏந்திய மக்கள் கூட்டத்தை ஓவியமாகவும் வரைந்தார். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆத்திரமுற்ற நகரம் கொழுந்துவிட்டெரிந்தது. அல்மாவின் வீட்டுக்கு அடுத்த தெருவாகிய 14ஆம் வீதியிற் கடைகள் எரிந்து கரியாயின. அதே 1968இல் அவர் வரைந்தவற்றுள் ஒன்றின் பெயர் "இலையுதிர்காலப் பூக்களூடே சலசலக்கும் தென்றல்".

இனத்தின் துயரத்தைப் பேசாத ஓவியம் யாருக்காக என்று அக்காலத்து இளங்கலைஞர் பலர் கேட்டனர். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. இதற்கு அல்மா கூறிய மறுமொழியின் சாரம் இது: மனிதன் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையை விட்டு, அழகிலும் மகிழ்ச்சியிலும் மனத்தை ஒருமுகப்படுத்தவே தாம் வர்ணத்தை நாடியதாக அவர் சொன்னார். கொடுமையை அறியாமல் அவர் இதனைச் சொல்லவில்லை. நூலக வாசலில் தடுக்கப்பட்டவர் அவர். பிரிக்கப்பட்ட பாடசாலையிற் பல்லாண்டு கற்பித்தவர். 1954இல் தலைநகரின் பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரணானது என நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. கொடுமை தம்மிடமிருந்து எவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டது என்பது அவருக்குத் தெரியும். தம் எஞ்சிய நாட்களையும் அதன் கையிற் கொடுக்க அவர் விரும்பவில்லை என்றே நாம் கொள்ளலாம்.

எமது கலைஞர்களிடமும் இக்கேள்வி கேட்கப்பட்டதுண்டு. ஊரில் உயிர்கள் போய்க்கொண்டிருக்கையில் நிலவையும் பூவையும் பாடலாமா என்று கேட்டோம். இழப்பைப் பதிவு செய்வது எமது கடமை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் வேப்பமரத்து நிழலையும் முற்றத்துச் செவ்வரத்தையையும் நினைவிலிருந்து வரையும் ஒரு மூதாட்டியும் இழந்ததைத்தான் பதிவு செய்கிறார். அவரிடம் "ஏன் இது?" என்று கேட்குமுன் நாம் சற்றுத் தயங்குதல் நன்று.

இன்னோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. அல்மாவுக்குப் பெருங்காட்சிக்கூடங்களின் கதவைத் திறந்தது அழகு மட்டுமன்று. நியூயோர்க்கின் விற்னி அமெரிக்க ஓவிய அருங்காட்சியகம் கறுப்பினக் கலைஞர்களைப் புறக்கணிப்பதாகக் கூறி 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அக்கலைஞர்கள் போராட்டங்கள் நடத்தினர். அப்போராட்டங்களின் பின்னரே அங்கு கறுப்பினக் கலைஞரின் தனிக்காட்சிகள் இடம்பெறலாயின. தெருவில் நின்று குரல் கொடுத்தவரும் யன்னலோரம் இருந்து பூ வரைந்தவரும் ஒருவருக்கொருவர் எதிரிகளல்லர். ஒருவர் கதவைத் தட்டினார், மற்றவரிடம் உள்ளே கொண்டுசெல்லப் பொருள் இருந்தது.

எண்பதாவது வயதில்

1972ஆம் ஆண்டு விற்னி அருங்காட்சியகத்தில் அல்மா தோமஸின் தனிக்காட்சி இடம்பெற்றது. அந்நிறுவனத்தில் தனிக்காட்சி கண்ட முதலாவது கறுப்பினப் பெண் அவரே. அவருக்கு அப்போது எண்பது வயது. அதே ஆண்டில் அவர் வாழ்ந்த வாஷிங்டனின் கோர்கரன் ஓவியக்கூடமும் அவரது படைப்புக்களைக் காட்சிக்கு வைத்தது. தம் சிறுவயதில் அருங்காட்சியகத்தினுள் நுழையவே முடியாதிருந்ததையும், அங்கே தம் ஓவியம் தொங்குமென்று எண்ணிப் பார்க்கவும் இயலாதிருந்ததையும் கூறி, இன்று என்னைப் பாருங்கள் என்னும் பொருள்பட அவர் நிருபர்களிடம் சொன்னார்.

புகழ் வந்தபின்னும் வேலை நிற்கவில்லை. 1974இல் விழுந்து இடுப்பில் அடிபட்டதனாற் சில காலம் வரைய முடியாதிருந்தது. எழுந்து மீண்டும் தூரிகையை எடுத்தவர், 1976இல், எண்பத்து நான்காவது வயதில், மூன்று பலகங்களைக் கொண்ட, ஏறத்தாழ 13 அடி அகலமான ஓர் ஓவியத்தை வரைந்தார். செந்நிற அசேலியா மலர்கள் பாடியாடுவதாக அதற்குப் பெயர். வெண்பரப்பிற் சிதறிய சிவப்புத் துண்டுகளைக் காண்போர், மூட்டுவாதம் பீடித்த கை அவற்றை வைத்ததென்று நம்பமாட்டார்கள்.

1978 பெப்ரவரி 24ஆம் நாள் அவர் மறைந்தார். அவரது படைப்புக்கள் பல வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க ஓவிய அருங்காட்சியகத்தில் உள்ளன. 15ஆம் வீதி வீடு 1987இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. 2015இல் "உயிர்த்தெழுதல்" வெள்ளை மாளிகையின் பழைய குடும்ப உணவறையில் தொங்கவிடப்பட்டது. வெள்ளை மாளிகையின் நிரந்தரச் சேகரிப்பில் இடம்பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் ஓவியரின் படைப்பு அது. துடைப்பத்துடன் மட்டுமே நூலகத்தினுள் நுழையலாம் என்றிருந்த ஊரிற் பிறந்தவரின் கைவண்ணம் நாட்டுத் தலைவரின் இல்லத்தை அடைய நூறாண்டுக்கு மேற் சென்றது.

எமது யன்னல்கள்

அல்மா தோமஸிடம் இருந்த சில வசதிகள் எம்மவருள் எல்லோருக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்குச் சொந்தமான வீடு இருந்தது. ஓய்வூதியம் இருந்தது. உடன் வாழ்ந்த தங்கை இருந்தார். தாம் பேசும் மொழியே நாட்டின் மொழியாக இருந்தது. ஊரில் இருபது, முப்பது ஆண்டுகள் கற்பித்துவிட்டு, இங்கு வந்து உணவகங்களிற் கோப்பை கழுவியும் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்தும் பிள்ளைகளை ஆளாக்கிய ஆசிரியர்களுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

ஆயினும் அவர் தொடங்கிய இடத்தை நோக்குவோமாயின், அது எமக்கும் எட்டாத இடமன்று. ஒரு யன்னல், அதன் வெளியே ஒரு மரம், ஒரு சமையலறை மேசை, ஒரு பெட்டி நீர்வர்ணம். பனிரெண்டாம் மாடியில் இருப்பவருக்கு மரம் தெரியாவிடினும் வானம் தெரியும். குளிர்காலத்து நாலு மணிக்கே மறையும் சூரியன் எதிர் மாடிக் கண்ணாடிகளில் ஒருகணம் தீப்பற்றி அணைவது தெரியும். அதனைப் பார்த்துக்கொண்டிருப்பவர் முன்னாள் ஆசிரியராயின், அவரது கையிற் கோடு வரையும் பழக்கம் இன்னும் இருக்கும். கரும்பலகையில் இலங்கைப் படத்தை ஒரே இழுப்பில் வரைந்து, மாணவர் வாய்பிளக்க வைத்த கைகள் அவை.

எமது பொங்கல் விழாக்களிலும் கலைவிழாக்களிலும் சிறுவருக்கான சித்திரப் போட்டிகள் உண்டு. பெரியோர்க்கு முன்வரிசையில் நாற்காலிகள் உண்டு. அவர்களுக்கும் ஒரு தூரிகையும் தாளும் கொடுத்தால் என்ன? மண்டபத்தின் ஒரு சுவரை அவர்களது படைப்புக்களுக்கு ஒதுக்கினால் என்ன? வார இறுதிகளில் ஊதியமின்றித் தமிழ் கற்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் எம்மிடையே உளர். அவர்கள் அருகே பேரப்பிள்ளையை அமர்த்தி இருவரும் ஒரே தாளில் வரையலாம். பேரப்பிள்ளை இந்நாட்டு மேப்பிள் இலையை வரையட்டும், பாட்டனார் பனையோலையை வரையட்டும். இரண்டும் ஒரே பச்சையா என்ற கேள்வியிலேயே ஒரு மாலைப்பொழுது கழியும். பாட்டனாரின் ஊர் எப்படியிருந்தது என்ற கதை அதன் பின்னால் தானே வரும்.

இதனாற் புகழ் வருமென்றோ, அருங்காட்சியகம் அழைக்குமென்றோ நாம் கூறவில்லை. எழுபத்து நான்காவது வயதில் ஹொலி மரத்தை நோக்கியபோது அல்மாவும் வெள்ளை மாளிகையை எண்ணியிருக்கமாட்டார். அன்றைய தினம் அவரிடம் வலிக்கும் கைகளும், வரைந்து முடிக்க வேண்டிய ஓர் ஓவியமுமே இருந்தன. மறுநாட் காலையில் எழுந்திருப்பதற்கு அது போதுமான காரணமாயிற்று.

பொட்டோமக் ஆற்றங்கரையிற் சப்பாத்துக்களிலிருந்து மணல் தட்டிவிடப்பட்டது. ஆனால் கொலம்பஸ் வீட்டுத் தோட்டத்துப் பூக்களின் நிறங்களும் பாட்டனாரின் பண்ணையிற் கண்ட அந்திவானமும் அச்சிறுமியின் கண்களிலேயே தங்கிவிட்டன. அறுபது ஆண்டுகள் கழித்து, வேறொரு நகரின் யன்னலோரத்தில், அவை வெளிவந்தன. எமது பெரியோர்களின் கண்களிலும் அவ்வாறு தங்கியிருப்பவை எத்தனை எத்தனை! அவற்றை வெளிக்கொணர ஒரு தாளையும் கொஞ்ச நேரத்தையும் அவர்கள் முன் வைப்பது பிள்ளைகளாகிய எமது பொறுப்பு.